பட்டிப்பூ: முற்றத்தில் நடுங்கள், அவித்துக் குடிக்காதீர்கள்



போன ஆவணியில் மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். மட்டக்களப்பு வாவிக்கரை மணலில், அந்த வெயிலிலும், வீட்டு முற்றங்களில் பட்டிப்பூ வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நின்றது. நித்தியகல்யாணி என்று சொல்வோமே, அதுதான். இலை உதிராது, வருடம் முழுக்கப் பூக்கும். சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு.

ஆசையில் நாலு கன்று கொண்டுவந்து நட்டேன். மூன்று அழுகிப் போச்சு! பிழை என்னுடையதுதான். பீலிக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் வைத்து, தினமும் தண்ணியும் ஊற்றினேன். ஓட்டை வாளியில் மணல் கலந்து வைத்த நாலாவது கன்று மட்டும் பிழைத்தது. இந்தச் செடிக்கு வேரில் தண்ணீர் தேங்கவே கூடாது. நமது மலை மழைக்கு மேட்டுப் பாத்தி, அல்லது அடியில் துளை போட்ட பழைய தகரம் நல்லது. நல்ல வெயில் படும் பக்கமாக வையுங்கள். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். கடும் பனி விழும் தோட்டங்களில் இரவில் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள்.

காய் மஞ்சளாகும்போதே பறித்துக் காயவையுங்கள். விட்டால் வெடித்துச் சிதறிவிடும். கறுப்பு விதையை மெல்லிய மண்ணால் மூட வேண்டும், இருட்டில்தான் நன்றாக முளைக்கும். செடி நெட்டையாகப் போனால் நுனியைக் கிள்ளுங்கள். கவ்வாத்து தெரிந்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா!

இனி முக்கியமான விஷயம். சீனி வியாதிக்கு இதன் இலையை அவித்துக் குடிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கிளினிக் குளிசையை நிறுத்திவிட்டு இதைக் குடித்த ஒரு அம்மாவை நானே பார்த்தேன். மயங்கி விழுந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். 1950களில் கனடாவில் ரொபர்ட் நோபிள், சார்ள்ஸ் பியர் என்ற இருவர், சீனிக்கு மருந்தாகுமா என்றுதான் இந்த இலையைச் சோதித்தார்கள். எலிகளுக்குச் சீனி குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளை அணுக்கள்தான் குறைந்தன. அந்த வழியில் கிடைத்ததே வின்பிளாஸ்டீன் என்ற புற்றுநோய் மருந்து. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டீனும் இதே செடியில் இருந்து வந்ததுதான். டாக்டர்மார் அளந்து, ஊசியில் ஏற்றும் மருந்து அது. அடுப்பில் அவித்தால் அளவு யாருக்குத் தெரியும்? கர்ப்பிணிகள் வாயில் வைக்கவே கூடாது. ஆடு மாட்டுக்கும் வெட்டிப் போடாதீர்கள். பிள்ளைக் காம்பரா வாசலில் மட்டும் இது வேண்டாம், சின்னதுகள் எதையும் வாயில் போடும்.

என் வாளிச் செடியில் இப்போது காய் நிறைய இருக்கிறது. விதை வேண்டியவர்கள் சம்பள நாளில் ஒரு கடுதாசித் துண்டோடு வாருங்கள்.