பிரிவினையும் பாதுகாப்பும்: பாகிஸ்தான் சொல்லும் கணக்கு

‘நாடு பிரிந்தால் தேசியப் பாதுகாப்பு போய்விடும்’ என்பது இலங்கையில் எமது தலைமுறை கேட்டு வளர்ந்த வாதம். விரிவுரையாளனாக இருந்த நாட்களில் மாணவரிடம் நான் திருப்பிக் கேட்பது, யாருடைய பாதுகாப்பு என்பதைத்தான். பாகிஸ்தானின் அனுபவத்தை வைத்து இதனைப் பார்க்கலாம்.

1947இல் உருவான பாகிஸ்தானின் இரு பகுதிகளுக்கிடையே சுமார் 1600 கிலோமீற்றர் இந்திய நிலம் கிடந்தது. மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கிழக்கில். இராணுவத்திலோ பெரும்பாலும் மேற்கின் பஞ்சாபியரும் பட்டாணியரும். கிழக்கைக் காப்பது மேற்கிலிருந்துதான் என்பது தளபதிகளின் கோட்பாடு. 1965 யுத்தத்தின்போது முழுக் கிழக்கிற்கும் இருந்தது ஒரேயொரு காலாட்படை டிவிசன். நாட்டின் பாதுகாப்பு என்ற பேச்சில் தாம் இல்லை என்பதை வங்காளிகள் அப்போதே கண்டுகொண்டனர். 1966இல் ஷேக் முஜிபுர் ரகுமான் முன்வைத்த ஆறு அம்சங்களில் கடைசி, கிழக்கிற்கெனத் தனியான துணைப்படை. காவல் கேட்டவர் 1968இல் அகர்தலா சதி வழக்கின் முதல் எதிரியானார். 1970 தேர்தலில் அவரது அவாமி லீக் அறுதிப் பெரும்பான்மை பெற்றும் ஆட்சி கையளிக்கப்படவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவம் இறங்கியது.

இதில் எமது தீவுக்கும் ஒரு பங்குண்டு. இந்தியா தன் வான்வழியை மூடிவிட்டதால், பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்காவில் எண்ணெய் நிரப்பிக்கொண்டே கிழக்கிற்குப் பறந்தன.

டிசம்பர் 16இல் சரணடைவு. கைதிகள் சுமார் 93,000 பேர். விசித்திரம் என்னவென்றால், எஞ்சிய பாகிஸ்தானை இராணுவக் கணக்கில் காப்பது முன்னதிலும் இலகு. தொலைவில் கிடந்த ஒரு பாதியைக் காக்கும் சுமை இல்லை. பயம் மட்டும் பெருகியது. 1972 சனவரியில் பூட்டோ முல்தானில் விஞ்ஞானிகளைக் கூட்டி அணுகுண்டு பற்றிப் பேசினார். 1973இல் பலுச்சிஸ்தானுக்குள் இராணுவம் புகுந்தது.

பிரிந்து போனவர்களின் கதையையும் சொல்லவேண்டும். எம்மவர் சிலருக்கு இது கசக்கும். சிட்டகொங் மலைப்பகுதியின் சக்மா முதலிய மக்கள் சுயாட்சி கேட்டபோது வங்காளதேச அரசும் இராணுவத்தை அனுப்பியது. பின்னர் வங்காளிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றியது. 1997 உடன்படிக்கை வரை சண்டை ஓயவில்லை. அரச குடியேற்றம் என்றால் என்னவென்று கல்லோயாவையும் மணலாற்றையும் அறிந்த எமக்கு விளக்கத் தேவையில்லை.

முசஃபாவில் நான் வேலைசெய்யும் இரும்புத் தொழிற்சாலையில் ஒரு பெஷாவர்க்காரரும் ஒரு சில்ஹெட்காரரும் ஒரே குழாயின் இரு முனைகளையும் பிடிக்கிறார்கள். 1971 பற்றிச் சில்ஹெட்காரரிடம் ஒருநாள் கேட்டேன். “மாஸ்டர், இவருக்கும் அந்த இராணுவம்தான்” என்றார்.

இலங்கையில் 2009இல் பிரிவினை ஆயுதத்தால் முறியடிக்கப்பட்டது. நாடு பிரியவில்லை. ஆயினும் அதன்பின் பல ஆண்டுகள் வடக்கில் இராணுவம் தனியார் காணிகளை வைத்திருந்தது. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதுகளும் தொடர்ந்தன.