திருவிழாச் சோறும் சோழகக் காற்றும்

ஆனியில் நயினை நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறினால் தீவகம் நிறையத் தொடங்கும். கனடா, இலண்டன் என்று வெளிநாட்டிலிருந்து வரும் சனம் நல்லூர்க் கொடி இறங்கும் மட்டும் நிற்கும். காலையில் புட்டு, மத்தியானம் அன்னதானம், பின்னேரம் தேத்தண்ணியோடு வடை, இரவு மாமி வீட்டில் இடியப்பமும் சொதியும். வெளிநாட்டில் நாள் தவறாமல் ஓடியவர்கள்கூட, “திரும்பிப் போய்ப் பார்ப்பம்” என்று ஓட்டத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த ஒத்திவைப்பில்தான் சிக்கல். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்று நமது திருவிழாக் காலத்தை அப்படியே ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்தது போலிருக்கும். 26 இளைஞர்கள் ஒரு கிழமை வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு சாப்பிட்டார்கள். நடையையும் நாளுக்கு 4,000 அடிகளுக்குள் அடக்கிக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் தினமும் 45 நிமிடம் ஓடினார்கள். ஓட்டத்தில் எரிந்த சக்திக்கு ஈடாக அவர்களுக்கு இன்னும் கூடுதலாகச் சாப்பாடு போட்டார்கள். ஆகவே மிச்சமாக உடம்பில் சேர்ந்த கலோரி இரு பகுதியினருக்கும் ஒன்றுதான். அப்படியிருந்தும், சும்மா இருந்தவர்களுக்கு ஒரே கிழமையில் சர்க்கரைக் கட்டுப்பாடு தளர்ந்தது, கொழுப்புத் திசுவில் மரபணுக்களின் செயற்பாடும் பிசகியது. ஓடியவர்கள் பெரும்பாலும் தப்பிக்கொண்டார்கள்.

அப்படியானால் உடற்பயிற்சி என்பது சாப்பிட்டதை எரிக்கும் கணக்கு மட்டுமல்ல. இரத்தத்திலுள்ள குளுக்கோசைத் தசைக்குள் எடுத்துச் செல்வது குளூட்-4 என்ற புரதம். வழமையாக இன்சுலின் வந்தால்தான் அது செல்லின் மேற்பரப்புக்கு வரும். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே வந்துவிடும். ஒருநாள் நடையால் கூடும் இன்சுலின் உணர்திறன் ஓரிரு நாள் நின்று பிறகு குறையும். அதனால் ஒருநாள் விட்டால் பரவாயில்லை, ஒரு கிழமை விடுவதுதான் கூடாது. பந்தியால் எழும்பியதும் பத்து நிமிடம் மெல்ல நடந்தாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை மட்டுப்படும்.

கோயிலே முன்பு இந்த உடல் உழைப்பைச் செய்வித்தது. ஆண்கள் உருண்டு பிரதட்டை செய்வதையும் பெண்கள் விழுந்தெழுந்து அடியழிப்பதையும் வெயிலில் நின்று பார்த்தவருக்குத் தெரியும், அது எவ்வளவு உடல் வேலை என்று. தேர்வடம் இழுப்பதில் கால், முதுகு, தோள் எல்லாம் சேர்ந்து உழைக்கும். இப்போது குறிகட்டுவான் மட்டும் வான், அங்கிருந்து லோஞ்ச், நயினாதீவில் இறங்கினால் ஓட்டோ. அம்மன் கோயிலிலிருந்து நாக விகாரைக்குப் பொடிநடையாகப் போகக்கூடிய தூரத்துக்கு ஓட்டோ எதற்கு என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிட மிதமான உழைப்பாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை அது 2020 வழிகாட்டலில் விட்டுவிட்டது. விகாரைக்கு நடப்பதும் கணக்கில் சேரும்.

சைக்கிள் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. யாழ்ப்பாணத்துப் பண்ணையால் வெளிக்கிட்டு அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைக்குப் போகும் வீதியில் ஏற்றம் என்று ஒன்றில்லை. ஏற்றத்தின் வேலையைப் போகும்போது எதிரே அடிக்கும் சோழகக் காற்று செய்யும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 15 கிலோமீட்டரில் மிதிப்பவருக்கு நேரெதிரே அதே வேகத்தில் காற்றடித்தால் தடை நாலு மடங்கு. பழக்கமில்லாதவர் சின்னக் கியரில் மெதுவாக மிதிக்கட்டும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் விரதத்தோடு இந்த விளையாட்டில் இறங்கக் கூடாது.

திரும்பி வரும்போது காற்று முதுகுப் பக்கம், மிதிப்பது சுகம். கவனம் வேண்டியது அப்போதுதான். காற்றும் நீங்களும் ஒரே வேகத்தில் போனால் உடம்பில் காற்றே படாது, வியர்வை காயாது, சூடு உள்ளே தங்கும். அதற்குள் வெயிலும் ஏறியிருக்கும். விடிய ஆறு மணிக்கே வெளிக்கிட்டு, வேலணையில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, எட்டு மணிக்குள் பண்ணையைக் கடந்துவிடுங்கள்.