பென்குயினுக்குச் சட்டம், மரக்காளானுக்குக் கோடாலி

அண்டார்டிக்காவில் ஒரு பென்குயினைச் சீண்டினால் இந்தியர் மீது இந்தியச் சட்டமே பாயும். 2022-ல் வந்த இந்திய அண்டார்டிக் சட்டம் அது. கொல்கத்தாப் பூங்கா ஒன்றில் பட்டமரத்தோடு சேர்த்து அதில் முளைத்த காளானையும் வெட்டி லாரியில் ஏற்றினால் கேட்க நாதியில்லை. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்ட அட்டவணைகளில் விலங்கு உண்டு, செடி உண்டு. காளான் ஒன்றுகூட இல்லை.

அடேலி பென்குயின் ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள பறவை. கூடு கட்டப் பக்கத்துக் கூட்டிலிருந்து கூழாங்கல் திருடும். பார்த்தவுடன் பிடித்துவிடுகிறது. மரக்காளானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் அருகே போய்ப் பாருங்கள்: பட்ட கிளையில் விசிறிபோல ஒட்டியிருக்கும் ஆரஞ்சுச் சிவப்புத் தகடு, அதன் அடியில் ஊசி குத்தியதுபோல் ஆயிரம் துளைகள். வித்துகள் உதிர்வது அந்தத் துளைகள் வழியேதான். மரத்துக்கு உறுதி தரும் லிக்னினையே சிதைத்து மண்ணுக்குத் திருப்பித் தருகிற வேலை இதனுடையது. பென்குயின் இல்லாத காடுகள் உண்டு, இந்தச் சிதைப்பு நடக்காத காடு கிடையாது.

இந்தச் சிவப்புக் காளானிலிருந்துதான் கொல்கத்தாவின் சகாய் ராம் போஸ் 1940-களில் பாலிபோரின் என்ற பாக்டீரியா கொல்லியைப் பிரித்தெடுத்தார். வங்காளத்தின் மரக்காளான்களை ஒவ்வொன்றாக விவரித்தவர் அவர். அவர் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்?

காளானுக்குக் கெட்ட பெயரும் உண்டு. கொல்கத்தாவை அடுத்த ஷிப்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்தில் 1864, 1867 புயல்கள் உண்டாக்கிய புண்கள் வழியே பூஞ்சை நுழைந்தது. 1925-ல் அடிமரத்தையே அகற்ற நேர்ந்தது. ஆனால் மரம் விழுதுகளின் பலத்தில் இன்றும் நிற்கிறது. உளுத்த அடிமரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு காளான் இனத்தையே எதிரியாக்கிவிட்டோம்.

பென்குயின் முகம் காட்டினால்தான் இயற்கைக்கு நன்கொடை வரும் என்பார்கள். இருக்கட்டும். அழியும் ஆபத்தைக் கணிக்கும் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் 18 பென்குயின் இனங்களின் நிலையும் மதிப்பிடப்பட்டாயிற்று. அறியப்பட்ட ஒன்றரை லட்சம் காளான் இனங்களில் 2025 மார்ச் வரை மதிப்பிட்டது சுமார் 1,300. அவற்றிலேயே 411 ஆபத்தில் இருக்கின்றன.

என் கவலையெல்லாம் பட்டமரம் பற்றியது. 2020 மே மாதம் அம்பன் புயலில் கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சாலையில் விழுந்ததை அகற்றத்தான் வேண்டும். பூங்கா மூலையில் யாருக்கும் இடைஞ்சலில்லாமல் கிடப்பதை ஏன் அறுத்து விற்கவேண்டும்? சுத்தம் என்ற பெயரில் காளானின் வீட்டையே காலி செய்கிறோம். அடுத்த புயலுக்கு முன்பே, எந்தெந்த மூலையில் மரங்களைக் கிடந்தபடி விடுவது என்று பூங்கா ஊழியர்களிடம் வரைபடம் கொடுத்துவிட வேண்டும்.