கண்ணை மூடிக்கொண்டு ஓட முடியுமா?



போன வருடம் விளையாட்டு விழாவுக்கு முந்தின வாரம் பி.டி. சார் எங்களை வரிசையாக உட்கார வைத்தார். "எல்லாரும் கண்ணை மூடுங்க. நீளம் தாண்டப் போறீங்க. ஓடி வர்றதுல இருந்து மணல்ல விழுற வரைக்கும் மனசுல பாருங்க" என்றார்.

எனக்கு மணல்குழி தெரிந்தது. பக்கத்து வேப்பமரம் கூடத் தெரிந்தது. ஆனால் நான் ஓடுவது மட்டும் தெரியவே இல்லை. எந்தக் காலை ஊன்றுவேன், கை எப்படிப் போகும், ஒன்றும் வரவில்லை. கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்குற எனக்கு இது மட்டும் ஏன் வரல? அதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூளைக்குள் நடப்பது என்ன?

ஓடும்போது, அசைவைத் திட்டமிடும் பெருமூளைப் பகுதிகளும் சிறுமூளையும் வேலை செய்கின்றன. உட்கார்ந்த இடத்திலேயே ஓடுவதாக நினைத்தாலும் இவற்றில் பல பகுதிகள் வேலை செய்கின்றன! தசைகளுக்குப் போக வேண்டிய கடைசி உத்தரவு மட்டும் நிறுத்தி வைக்கப்படுகிறது.

1989-இல் பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். 5, 10, 15 மீட்டர் தூரத்தில் குறி வைத்து, பெரியவர்களை அதுவரை நடக்கச் சொன்னார்கள். நடப்பதாக மனதில் நினைக்கவும் சொன்னார்கள். இரண்டுக்கும் ஆன நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு நேரமும் அவ்வளவாகப் பொருந்தாது. 5 வயதிலிருந்து 12 வயதுக்குள் மெல்ல மெல்லப் பொருந்தி வரும். அசைவுகளைச் சீராகச் செய்யச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு, அவற்றைக் கற்பனை செய்வதும் சிரமமாக இருப்பதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

காரணம் என்ன? ஓடும்போதும் குதிக்கும்போதும் தசையும் மூட்டும் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்திகளை வைத்துத்தான் மூளை அசைவின் படத்தை வரைகிறது. செய்தியே போகாவிட்டால் படம் எங்கிருந்து வரும்? "சுவர் இருந்தால்தான் சித்திரம்" என்று பாட்டி சொல்வாங்களே, அதுதான் இது. இரண்டு வருடமாக பி.டி. பீரியடில் நான் நிழலில் உட்கார்ந்து ஹோம் ஒர்க் எழுதினேன். என் மூளையில் மரம் இருந்தது, ஓட்டம் இல்லை.

ஒரு வீரரின் கதை

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சல். அமெரிக்க வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கடைசியில் எதிர்ச் சுவர் கூடத் தெரியவில்லை. கை வீச்சுகளை எண்ணியே நீந்தி, 1 நிமிடம் 52.03 விநாடியில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். போட்டி முழுவதையும் முன்கூட்டியே மனதில் நீந்திப் பார்ப்பது அவர் வழக்கம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவர் வருடக்கணக்கில் தண்ணீரிலும் நீந்தியவர். வெறும் கற்பனையால் நுரையீரலும் இதயமும் பலப்படாது. பயிற்சியோடு கற்பனையும் சேர்ந்தால்தான் பலன் அதிகம்.

செய்து பாருங்கள்

வகுப்பு வாசலிலிருந்து மைதானத்துக் குழாய் வரை கண்ணை மூடி மனதில் நடங்கள். நண்பரை நேரம் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு நிஜமாக நடங்கள். எனக்கு முதலில் மனதில் 9 விநாடி, நடந்தபோது 21 விநாடி! மூன்று மாதம் தினமும் மைதானத்தைச் சுற்றி ஓடி, ஸ்கிப்பிங்கும் ஆடினேன். இப்போது 18-ம் 20-ம் வருகிறது. நீளம் தாண்டுதலில் இன்னும் பரிசு வாங்கவில்லை. ஆனால் கண்ணை மூடினால் என் இடது கால் பலகையில் ஊன்றுவது தெரிகிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடில் கணக்கு நடப்பது வழக்கம். எங்க நல்லதுக்குத்தான் செய்றீங்க, தெரியும். ஆனாலும் அந்த ஒரு பீரியடை எங்களுக்கே விட்டுவிடுங்கள். அங்கேயும் எங்கள் மூளை படித்துக்கொண்டுதான் இருக்கிறது.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி