இரத்தக் குழாயும் தொழிலாளியின் வயதும்

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் திருக்குளத்திற்கு ஹிருத்தாபநாசினி என்று பெயர். நெஞ்சின் தாபத்தைப் போக்குவது என்பது பொருள். நோயுற்றோர் அதில் வெல்லம் கரைத்து வேண்டிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். அதே ஜில்லாவின் வடகோடியில், கும்மிடிப்பூண்டியில், சிப்காட் வளாகத்து இரும்பாலைகளும் பிற ஆலைகளும் இரவு பகலாக நடைபெறுகின்றன. உள்ளூர் வாலிபர்களோடு ஒடிஸா, பிஹார் முதலிய ராஜ்யங்களிலிருந்து வந்தவர்களும் அங்கே உழைக்கிறார்கள். அவர்களுடைய நெஞ்சைக் குறித்தே இன்று எழுதத் துணிந்தோம்.

மாரடைப்பு என்றால் குழாயில் கொழுப்பு அடைத்துக்கொள்வது என்பதே ஜனங்களின் எண்ணம். நாமும் வெகுகாலம் அப்படியே எண்ணியிருந்தோம். சாக்கடைக் குழாய்க்கு அது பொருந்தலாம்; தேகத்தின் குழாய்க்குப் பொருந்தாது. இரத்தக் குழாயின் சுவர் உயிருள்ளது. அதன் ஜீவ அணுக்கள் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன.

இந்தப் பேச்சு வெளிப்பட்ட விதம் விசித்திரமானது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராபர்ட் ஃபர்ச்காட், முயலின் இரத்தக் குழாய்த் துண்டுகளில் ஒரு மருந்தைச் செலுத்திப் பார்த்தார். குழாய் சில சமயம் தளர்ந்தது, சில சமயம் தளரவில்லை. துண்டைத் தயார் செய்கையில் அதன் மெல்லிய உட்படலம் உரசித் தேய்ந்துபோனால் தளர்வதில்லை என்று கண்டு 1980ல் வெளியிட்டார். உட்படலம் ஏதோ ஒரு செய்தியை அனுப்ப, அதைக் கேட்டுத்தான் சுவரின் தசை தளர்கிறது என்பது தெளிவாயிற்று. அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவே என்பது சில ஆண்டுகளில் நிச்சயமாயிற்று. சில விநாடிகளே நிலைக்கும் வாயு! இதன் பொருட்டு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998ல் நோபெல் பரிசு கிடைத்தது.

உட்படலம் ஓர் அணுவின் கனமே உடையது. ஆயினும் கிராமத்துத் தலையாரியைப் போன்றது. இரத்தம் ஓடும் வேகத்தை அது தொட்டறிகிறது. அடுத்தடுத்த அணுக்களினிடையே நுண்ணிய வாயில்கள் உண்டு. அவற்றின் வழியாகவும் செய்தி பரவுகிறது. ஓட்டம் நேராகவும் சீராகவும் உள்ள இடத்தில் தலையாரி அமைதியாயிருக்கிறான். கிளை பிரியும் இடத்திலும் வளைவிலும் ஓட்டம் குழம்புகிறது. நோய் முதலில் தலைகாட்டுவதும் அங்கேதான்.

புகையிலை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், காற்றிலுள்ள நுண்துகள் இவை யாவும் தலையாரியைக் கெடுக்கின்றன. நைட்ரிக் ஆக்ஸைடு குறைகிறது. கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுந்து சீர்கெடுகிறது. அப்போது உட்படலம் தன்மேல் கொக்கிகள் போன்ற பொருள்களை முளைப்பித்து, இரத்தத்தில் செல்லும் வெள்ளணுக்களைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. துப்புரவு செய்ய வந்த அவை கொழுப்பை அளவுமீறி விழுங்கி, நுரை போல் ஊதி, ஜீரணிக்கமாட்டாமல் அங்கேயே தங்கி, மேலும் படைகளை அழைக்கின்றன. இந்தக் கூக்குரலைக் கேட்ட தசை அணுக்களும் தம் வேலையை விட்டு உட்புறம் நகர்கின்றன. சில தாமும் கொழுப்பை உண்ணத் தொடங்குகின்றன. இவ்வாறு திரண்ட மேட்டின் மேல்மூடி ஒருநாள் கிழிகிறது. அதன்மேல் இரத்தம் உறைகிறது. அதுவே மாரடைப்பு.

இதற்கு நேர்ச்சாட்சி உண்டா? கோர்ட்டில் பழகிய நமக்கு இக்கேள்வி எழாமல் இராது. உண்டு. 2017ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மாரடைப்புக்கு ஒருமுறை ஆளான 10,061 பேரிடம், அணுக்களின் அழற்சிச் செய்திகளுள் ஒன்றை மட்டும் தடுக்கும் மருந்தைச் சோதித்தார்கள். கெட்ட கொழுப்பு குறையவில்லை. ஆனால் மாரடைப்பு முதலிய விபத்துகள், நடுத்தர அளவு மருந்து பெற்றவர்களிடையே, சுமார் நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைந்தன. தொற்றுநோயால் இறந்தோர் தொகை சற்றே கூடியதால் அம்மருந்து எல்லோருக்கும் உகந்ததன்று. எனினும் சாட்சியம் சாட்சியமே.

இந்தக் கலகம் எந்த வயதில் தொடங்குகிறது? கொரியா யுத்தத்தில் மாண்ட 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இருதயங்களை அறுத்துப் பார்த்து 1953ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களுடைய சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இருதயக் குழாய்களில் நோயின் அடையாளம் இருந்தது. நம்மவர் நிலையோ இன்னும் கவலைக்குரியது. 52 தேசங்களில் நடந்த ஆராய்ச்சியில், முதல் மாரடைப்பின் நடுவயது தென் ஆசியாவில் 53. பிற இடங்களில் ஏறத்தாழ 59.

2025 நவம்பர் 21 முதல் அமலான தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, நாற்பது வயது கடந்த தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவச வைத்தியப் பரிசோதனை உண்டு என்று மத்திய சர்க்கார் அறிவித்திருக்கிறது. இதை வரவேற்கிறோம். ஆனால் நாற்பது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? இருபதில் தொடங்கும் நோய்க்கு நாற்பதில் காவல் வைப்பது, கொள்ளை முடிந்தபின் கதவைப் பூட்டுவதாகும்.

வேலை நேரத்தையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும். வாரத்திற்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவரைவிட இருதய நோயால் சாகும் அபாயம் நூற்றுக்கு 17 பங்கு அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021ல் கூறின. அப்படியிருக்க, பன்னிரண்டு மணி வேலைக்கு வழிவிடும் மசோதாவை நமது சட்டசபை 2023 ஏப்ரலில் நிறைவேற்றிற்று! எதிர்ப்பு மூளவே, மே தினத்தன்று வாபஸ் அறிவிக்கப்பட்டது. அதை எதிர்த்து நின்ற தொழிற்சங்கங்களுக்கு நமது வந்தனம்.

நாம் கோருவது பெரிய காரியமன்று. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றின் பரிசோதனை, வேலையில் சேரும் நாளிலேயே தொடங்கட்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமன்று, கான்டிராக்டர் அழைத்து வந்தவனுக்கும். 2024ல் ராஜ்ய சர்க்கார் ஆரம்பித்த தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் கும்மிடிப்பூண்டியின் சிறு பட்டறைகளுக்குள்ளும் நுழையட்டும். பரிசோதனைக் கணக்கு ஆலை ஆபீஸின் பீரோவில் உறங்காமல், அவனவன் தாய்மொழியில் எழுதப்பட்டு அவன் கையிலேயே கொடுக்கப்பட வேண்டும். வேலை முடிந்து ஒடிஸாவுக்கு ரயிலேறும்போது அது அவன் பெட்டியில் இருக்க வேண்டும்.