ஸ்டீம் ஓவனில் தண்ணீர் கசிகிறதா?

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பாய்லர் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இப்போது மத்திகிரியில் இருந்துகொண்டு வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்க்கிறேன். பாகலூர் சாலை அடுக்குமாடிகளில், அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த வீடுகளில் இப்போது ஸ்டீம் ஓவன் வைக்கிறார்கள். அங்கிருந்து எனக்கு அடிக்கடி வரும் புகார் ஒன்றுதான்: "அண்ணா, ஓவனுக்குக் கீழே தண்ணி நிக்குது."

உடனே "கேஸ்கெட்டை மாத்திடுங்க" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. பாய்லரில் நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

டி.டி.கே. பிரெஸ்டீஜ் குக்கர் தயாராகும் ஊர் இது. கேஸ்கெட்டைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் குக்கரில் ஆவி அழுத்தத்தோடு அடைபட்டு நிற்கும். வீட்டு ஸ்டீம் ஓவனில் அழுத்தம் ஏறாது. மிஞ்சிய ஆவி வெளியேற வழி வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் ஆவி கதவில் பட்டுக் குளிர்ந்து மறுபடியும் தண்ணீராகும். இட்லியோ கொழுக்கட்டையோ வெந்ததும் கதவைத் திறக்கும்போது உட்பக்கத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் வழிவது இயல்பு. துடைத்துவிட்டால் போதும், அது பழுதல்ல.

துடைத்த பிறகும் தண்ணீர் வந்தால் சோதிக்க வேண்டும். ஓவன் நன்றாக ஆறட்டும், சுவிட்சை அணைத்துவிடுங்கள். முதலில் தண்ணீர்த் தொட்டி. அதை நிரப்பி, வெளியே எடுத்து, காய்ந்த செய்தித்தாள் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். தாள் நனைந்தால் தொட்டியில் விரிசல், அல்லது அதன் வால்வு சரியாக மூடவில்லை. வால்வில் சிக்கிய உப்புத் துகளைக் கழுவினாலே பல தொட்டிகள் சரியாகிவிடும்.

தாள் நனையவில்லை என்றால் கதவைப் பாருங்கள். கேஸ்கெட்டின் மூலைகளில் கிழிசல் இருக்கிறதா, ரப்பர் இறுகிப் போயிருக்கிறதா, சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறதா? மிதமான சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். பிறகு ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் இறுக்கமாக இருந்து, ஓரிடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் கசிவு அங்கேதான். அடுத்து, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை ஓவன் மேல் வையுங்கள். முன்பக்கம் சாய்ந்திருந்தால் உள்ளே சேரும் தண்ணீர் கதவடியில்தான் இறங்கும்.

எங்கள் ஊருக்கே உரிய காரணம் இன்னொன்று உண்டு. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்தினர், அங்கே ஒழுங்காக ஓடிய ஓவன் இங்கே வந்ததும் ஆவியை அள்ளி வீசுகிறது, தண்ணீர் வழிகிறது என்றார்கள். கேஸ்கெட், தொட்டி இரண்டும் நன்றாகவே இருந்தன. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சில மாடல்கள் இந்தக் கொதிநிலையை நினைவில் வைத்து ஆவியின் அளவைக் கட்டுப்படுத்துகின்றன. பழைய ஊரின் அளவை வைத்துக்கொண்டு, இங்கே எட்ட முடியாத 100 டிகிரிக்காக அந்த ஓவன் ஆவியைப் பெருக்கிக்கொண்டே இருந்தது. கையேட்டில் சொன்னபடி மறு அளவீடு செய்ததும் கசிவு நின்றது. வீடு மாறி வருகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

ஆனாலும் இந்தப் பகுதியில் நான் அதிகம் பார்ப்பது போர் தண்ணீரின் உப்புதான். ஒகேனக்கல் குடிநீர் வந்த பிறகும் பல வீடுகள் போரை நம்பித்தான் இருக்கின்றன. கடின நீர் கொதிக்கும்போது அதிலுள்ள சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். வால்வையும் குழாயையும் அடைக்கும். அடைபட்ட தண்ணீர் இணைப்பு வழியாக வெளியே வரும். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கிறது. உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்து, ஓவனில் கடினத்தன்மைக்கான அமைப்பு இருந்தால் அதற்கேற்ப மாற்றுங்கள். உப்பு நீக்கச் சொல்லி விளக்கு எரிந்தால் தள்ளிப் போடாதீர்கள். எந்த மருந்து என்பதைக் கையேடு சொல்லும். கண்ட அமிலத்தை ஊற்றினால் ரப்பர் கெடும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா என்பதையும் அதிலேயே பாருங்கள். உப்பே இல்லாத தண்ணீரைச் சில ஓவன்களின் சென்சார் உணராது.

பின்பக்கத்திலோ அடிப்பாகத்திலோ சொட்டினால், அல்லது ஓவனைப் போட்டதும் வீட்டு மின்சாரம் டிரிப் ஆனால், உள்ளே பம்ப்பிலோ குழாய் இணைப்பிலோ கசிவு இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஈரத் தரையில் நின்று தொடாதீர்கள், மூடியைக் கழற்றாதீர்கள். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்குத்தான் வேலை.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன், தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது, சமைக்கும்போதா அணைத்த பிறகா, தொட்டி வெளியே இருக்கும்போதும் வருகிறதா என்று குறித்து வையுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், தேவையில்லாத பாகத்தை யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது.