நண்பனுக்காக வாங்கி அனுப்புவது: சில குறிப்புகள்

கூட பி.இ. படிச்ச நண்பன் ஒருத்தன் நியூ ஜெர்சியில் இருக்கான். பழைய தமிழ் அச்சுப் பொருட்கள் சேகரிக்கிறான்: தெருக்கூத்து நோட்டீஸ், பெரிய எழுத்துக் கதைப் புத்தகம், சினிமா பாட்டுப் புத்தகம், பஞ்சாங்கம். திண்டிவனம், விழுப்புரம் பழைய பேப்பர் கடைகளில் இதெல்லாம் எடைக்கு வந்து விழும். நான் பொறுக்கி எடுத்து, வாங்கி, பார்சல் போடறேன். "கஸ்டம்ஸ்ல பிடிக்க மாட்டாங்களா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். தபால் வேலை சுலபம். அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்விதான் கஷ்டம்: இந்தப் பொருள் நாட்டை விட்டுப் போகலாமா?

இதுக்கான சட்டம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம். இரண்டு எண்களை நினைவில் வைத்தால் போதும். சிற்பம், நாணயம், ஓவியம், கைவினைப் பொருள், வரலாற்று மதிப்புள்ள எந்தப் பொருளும் 100 வருஷம் தாண்டினால் தொல்பொருள். கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 வருஷமே போதும்; அறிவியல், வரலாறு, இலக்கியம், கலை என்று ஏதாவது ஒரு வகையில் மதிப்பு இருக்கணும். தொல்பொருளை மத்திய அரசோ, அது அதிகாரம் கொடுத்த அமைப்போ மட்டும்தான் ஏற்றுமதி செய்யலாம். மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை, கூடவே அபராதம். காசு கொடுத்து ரசீது போட்டு வாங்கினேன் என்பது இங்கே செல்லாது. வாங்கற உரிமை வேற, அனுப்பற உரிமை வேற.

இந்தக் கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை, வருஷா வருஷம் நகரும். 1950-ல் எழுதின கணக்கு நோட்டு பத்து வருஷம் முன்னாடி கோட்டுக்கு இந்தப் பக்கம், இன்னைக்கு அந்தப் பக்கம். வயசு தெரியாத பொருள், உதாரணமா ஒரு பித்தளை விளக்கு, புதுசாகவே இருந்தாலும் பார்க்கப் பழசாகத் தெரிந்தால் கஸ்டம்ஸ்ல நிற்கும். அதுக்கு 'தொல்பொருள் அல்ல' என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழ் வேணும். அந்தத் துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கு.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று புரிய நம்ம பக்கத்துக் கதை ஒன்று உண்டு. விழுப்புரம் மாவட்டத்தின் மண்டகப்பட்டு, தளவானூர் குடைவரைகளைப் பற்றிப் படிக்கப் போனால் ழூவோ-துப்ருய் என்ற பெயர் வந்தே தீரும். புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியர். பல்லவர் வரலாற்றுக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர். அவரேதான் 1920-களில் பாரிஸில் இருந்த கலைப்பொருள் வியாபாரி சி.டி. லூவுக்குத் தென்னிந்தியச் சிற்பங்களை வாங்கி அனுப்பினவர். புதுச்சேரி அப்போ பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, வழி சுலபமாயிற்று. காஞ்சிபுரம் வட்டாரத்து யோகினிச் சிற்பங்கள் அப்படித்தான் கடல் தாண்டின. ஒன்றாக இருந்தவை இன்று லண்டன், வாஷிங்டன், மினியாபொலிஸ், டொரன்டோ அருங்காட்சியகங்களில் ஆளுக்கொரு மூலையில். பத்மா கைமல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். சிலைகள் பத்திரமாகத்தான் இருக்கு. ஆனா அவை நின்ற கோயில் எது, எந்த வரிசையில் இருந்தன என்று இன்னைக்கு உறுதியாகச் சொல்ல முடியலை. போனது கல் மட்டும் இல்லை, அது இருந்த இடமும்தான்.

நேர் எதிரான உதாரணமும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கத் தமிழ் அச்சுப் பொருட்களைச் சேர்த்தவர். 1992-ல் அவர் இறந்த பிறகு, ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. ஆனா கப்பலில் ஏற்றலை. 1994-ல் சென்னையிலேயே நூலகம் அமைத்து, மைக்ரோஃபிலிம் எடுக்க ஏற்பாடு செய்தது. சிகாகோவுக்குப் பிரதி, சென்னைக்கு மூலம். விலை கொடுத்தவர் பொருளை எடுத்துக்கிட்டுத்தான் போகணும் என்பதில்லை.

இதை வைத்து என் வேலையை மூணாகப் பிரிச்சு வெச்சிருக்கேன். சமீபத்திய அச்சுப் பிரதி, அதாவது 1950, 60-களுக்குப் பிந்தியது: அனுப்பறேன். நூறு வருஷத்தை நெருங்கும் அச்சு நூல், பதிப்பாண்டு இல்லாத நூல்: சான்றிதழ் இல்லாமல் அனுப்பறதில்லை. கையெழுத்து நோட்டு, ஓலைச்சுவடி: ஸ்கேன் மட்டும். எதை அனுப்பினாலும் கூடவே ஒரு சீட்டு: எந்த ஊரில், எந்தத் தேதியில், என்ன விலைக்கு, எந்தக் கட்டோடு சேர்ந்து கிடைத்தது. அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் என்கிட்டயும் ஒரு பிரதி இருக்கும்.

தபால் விஷயம் இனிதான். அடையாளச் சான்று நகல் வேணும். சுங்க அறிவிப்புப் படிவம் இரண்டு வகை: சிறிய பொதிக்கு சி.என். 22, மதிப்பு கூடினாலோ பெரிய பார்சலாக இருந்தாலோ சி.என். 23. உள்ளே என்ன என்பதில் "பழைய பொருள்" என்று மொட்டையாக எழுதாதீங்க. "அச்சிட்ட பாட்டுப் புத்தகம், 1968, 6 பிரதிகள்" என்று எழுதுங்க. அவன் காசு கொடுத்திருந்தால் அது பரிசு இல்லை. 'கிஃப்ட்' கட்டத்தில் டிக் போடக் கூடாது. மதிப்பைக் குறைத்துப் போட்டால் தொலையும்போது நஷ்டஈடும் குறையும். அமெரிக்காவில் 800 டாலருக்குட்பட்ட பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29-ல் போயிடுச்சு. வரியை யார் கட்டறது என்று முன்னாடியே பேசிடுங்க. மண்பொம்மை அனுப்பறவங்க வைக்கோல் திணிக்காதீங்க, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள் உள்ளே விடாது. கசக்கின காகிதமும் இரட்டை அட்டைப்பெட்டியும் போதும். அப்புறம், கமிஷன் வாங்க ஆரம்பிச்சா அது வியாபாரம். ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் உட்பட எல்லாம் வேறு கணக்கு.

போன மாதம் ஒரு கட்டில் கையால் எழுதின கூத்து நோட்டு கிடைத்தது, உள்ளே 1941 என்று தேதி. படம் பார்த்ததும் நண்பன் நல்ல விலை சொன்னான். முடியாது என்றதும் கோபம். "நீ எடுக்கலைன்னா அந்தக் கடைக்காரர் கூழாக்க அனுப்பியிருப்பாரு. காப்பாத்தின பொருளை அனுப்பறதுல என்னடா தப்பு?" நியாயமாத்தான் தெரியும். இந்த வாதம் நூறு வருஷமா சேகரிப்பாளர்கள் சொல்றதுதான். கூழாகாமல் எடுக்கறது ஒரு வேலை, எங்கே வைக்கறது என்பது இன்னொரு வேலை. முதல் வேலை செய்ததால் இரண்டாவதில் நமக்கு உரிமை வந்துடாது. அந்த நோட்டில் பாட்டுக்கு நடுவே ஆசிரியர் எழுதி வெச்ச அடையாளங்கள் இருக்கு. அதைப் படிச்சு இது எந்த அடவு, எந்த வேஷம் என்று சொல்லக்கூடிய வயசான வாத்தியார்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்காங்க, நியூ ஜெர்சியில் இல்லை.

அவனுக்கு ஸ்கேன் போயிடுச்சு. மூலத்தை எடுத்துக்கிட்டு ஒரு வாத்தியாரைப் பார்க்கப் போறேன். படிச்சுக் காட்டினதும் ஒரு நூலகத்தில் சேர்க்கணும்.